எதுக்கும் ஒரு சைக்கிள் இருக்கட்டும்

தாம்பரத்தைச் சுற்றி வீடு கட்டிக் குடியேறியவர்களில் ஒரு தனி இனம் உண்டு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மேகம் என்ற பேச்சே இல்லாத மே மாதத்தில் கையில் குடையோடு போவார். குடை உடைந்துபோனால்? அதற்காகத்தான் பைக்குள் ஒரு மடக்குக் குடை. அவருக்குத் திருநெல்வேலிக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரயில் தாம்பரத்தில் நிற்கும். வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏறினால் பேச்சு ஆரம்பிப்பதற்குள் ஸ்டேஷன் வந்துவிடும். ஆனால் இவர் மூட்டை முடிச்சோடு மின்சார ரயில் பிடித்து, நேர் எதிர்த் திசையில் எழும்பூர் வரை போய், அங்கே படியேறிப் படியிறங்கி, சீட்டில் உட்கார்ந்து, பிறகு அதே ரயில் தாம்பரத்தில் வந்து நிற்கும்போது ஜன்னல் வழியாகத் தம்முடைய ஊரை நிம்மதியாக வேடிக்கை பார்ப்பார். ஏன் சார் இந்தப் பாடு என்று கேட்டுப் பாருங்கள்.

"தாம்பரத்துல கொஞ்ச நேரம்தாங்க நிக்கும். எதுக்கும் இருக்கட்டும்" என்பார்.

இந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் அந்த இனத்தின் கொடி, சின்னம், தேசிய கீதம் எல்லாம். ஆகையால் அவரை நாம் 'எதுக்கும் ஆசாமி' என்றே அழைப்போம்.

எதுக்கும் ஆசாமியைக் கவலைப்படுகிறவரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கவலைப்படுகிறவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். எதுக்கும் ஆசாமி உட்காரவே மாட்டார். வரக்கூடிய ஒவ்வொரு ஆபத்தையும் கற்பனை செய்வதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம். டயர் வெடித்தால், செயின் அறுந்தால், நாய் துரத்தினால், நாயைத் துரத்தப் போய்ச் செருப்பு அறுந்தால் என்று அவர் சொல்லிக்கொண்டே போகும்போது முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், பண்டிகை நாளில்தான் அதைப் பார்க்க முடியும்.

நாம் இன்று பார்க்கப் போகிறவர் பெயர் ஜீவரத்தினம். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் போகிற தெருவில் குடியிருக்கிறார். மறைமலை நகரில், கார் கதவுகளுக்குக் கீல் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டிஸ்பாட்ச் பிரிவுக்குத் தலைவர். அதாவது, அங்கே செய்கிற கீல்கள் மரப்பெட்டியில் அடைபட்டு, லாரியேறி, ஒரகடம் பக்கம் இருக்கும் ஒரு கார் கம்பெனிக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அங்கே கார் பூட்டும் வேலை அப்படியே நின்றுவிடும். 'லைன் நின்னுடும்' என்று யாராவது விளையாட்டுக்குச் சொன்னால்கூட ஜீவரத்தினத்துக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அதனால் தம் பிரிவில் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஏற்றுமேடையில் ஒரு பெட்டி நின்றால், அது யாருடையது, அதில் என்ன இருக்கிறது என்று யாரும் ஆராய்ச்சி செய்யக் கூடாது. அடுத்த லாரியில் ஏற்றி அனுப்பிவிட வேண்டும். 'மேடையில் பெட்டி தூங்கக் கூடாது' என்று சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியே வைத்திருந்தார். இந்தச் சட்டத்தால் அவருக்குக் கம்பெனியில் நல்ல பெயர். வாசகர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், எதுக்கும் இருக்கட்டும்.

அவருடைய மனைவி ஹில்டா, செம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பல வருஷமாக ஒரே பழைய சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறார். முன்னால் பரீட்சைத் தாள் வைக்க ஒரு கூடை, பின்னால் காய்கறிப் பை வைக்க அகலமான ஒரு கேரியர். செம்பாக்கம் ஏரியோரமாகக் காலை எதிர்காற்றில் அந்த அம்மாள் அழுத்தி மிதித்துப் போவதைப் பார்த்தால், பள்ளிக்கூடத்துக்குப் போகிறாரா, இப்படியே கடல் வரைக்கும் போய்விடப் போகிறாரா என்று சந்தேகம் வரும்.

கடல் வரைக்கும் போக வேண்டும் என்பதுதான் அவர் ஆசையும். கல்யாணமான புதிதில் மாமல்லபுரத்து மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, "ஒருநாள் நாம ரெண்டு பேரும் இங்கேர்ந்து சைக்கிள்லயே பாண்டிச்சேரி வரைக்கும் போலாம், கடலோரமா" என்று ஜீவரத்தினம் சொன்னார். ஆள் நல்லவர், மனசாரத்தான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு மே மாதமும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. ஒரு வருஷம் மகள் அபிகாயில் கைக்குழந்தை. ஒரு வருஷம் ரோடு அகலப்படுத்துகிறார்கள். அகலப்படுத்தி முடித்த வருஷம், அகலமான ரோட்டில் லாரி வேகமாக வருமே என்ற யோசனை. ஒரு வருஷம் வானிலை அறிக்கையில் அந்தமான் பக்கம் ஒரு சுழற்சி என்றார்கள். அந்தமான் எங்கே, மரக்காணம் எங்கே! அந்த வருஷமும் போயிற்று.

இந்த வருஷம் அபிகாயிலுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. ரோடு நன்றாக இருக்கிறது. அந்தமானும் சாதுவாக இருக்கிறது. ஈஸ்டர் முடிந்த மறுநாள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே ஹில்டா சொன்னார்.

"இந்த மே மாசம் நாம சைக்கிள்ல போறோம். நீங்களும் நானும். வேற யாரும் வேணாம், வேற எதுவும் வேணாம். நீங்க வரலன்னா நான் தனியா போறேன்."

கணக்கு டீச்சர்கள் விடையை இரண்டு தரம் சொல்வதில்லை. ஜீவரத்தினத்துக்கு ஹில்டா என்றால் உயிர். அந்த நீளமான ரோட்டில் அவள் மட்டும் தனியாகப் போகிறாள், தான் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று நினைத்துப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அவர் அன்பு வார்த்தையாக வெளியே வராது. டியூப், பம்பு, பஞ்சர் ஒட்டுகிற பசை என்று சாமானாகத்தான் வரும். "போறோம் ஹில்டா, கண்டிப்பா போறோம்!" என்று தோசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஏற்பாட்டைத் தொடங்கினார்.

முதலில் கியர் வைத்த புதுச் சைக்கிள் இரண்டு வந்தன. சீட்டின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை அவர் பிரிக்கவிடவில்லை. டூருக்கு முன்னால் ஓட்டினால் பழசாகிவிடுமாம். சைக்கிள்கள் ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றன. விருந்தாளிகள் வந்தால் அவற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்தார்கள். அடுத்து, சிட்லபாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை வண்டி நெரிசல் அதிகம், அதனால் அதுவரை சைக்கிள்களை ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விடலாம் என்று தீர்மானமாயிற்று.

"சைக்கிளை எதுக்குங்க வண்டில ஏத்தணும்? சைக்கிளே ஒரு வண்டிதானே?" என்றார் ஹில்டா.

"எதுக்கும் இருக்கட்டுமே" என்றார் ஜீவரத்தினம்.

அப்புறம் டியூப். டியூப் இருந்து டயர் போனால்? டயர். டயரும் டியூபும் இருந்து காற்றில்லாவிட்டால்? பம்பு. கையால் அடிக்கிற பம்பு மக்கர் செய்தால் காலால் அடிக்கிற பம்பு. குடிதண்ணீர் கேன், அது கவிழ்ந்துபோனால் இன்னொரு கேன், உப்புக் கரைசல், கால் வலித் தைலம், சாலையோரம் படுக்க ஜமுக்காளம், ஜமுக்காளத்தில் எறும்பு வந்தால் தெளிக்க எறும்புப் பொடி. இதையெல்லாம் சைக்கிளில் கட்டிப் பார்த்தார். சைக்கிள் தெரியவில்லை. ஆகையால் மாமல்லபுரத்தோடு திரும்புவதாக இருந்த வண்டி, பாண்டிச்சேரி வரை பின்னாலேயே வருவது என்று முடிவாயிற்று. அவ்வளவு தூரம் வருகிற வண்டியில் இடம் வீணாகப் போகலாமா? போகக் கூடாது. ஹில்டாவின் பழைய சைக்கிளையும் அதில் ஸ்பேராகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். ஹில்டா தம் பழைய சைக்கிளைப் பார்த்தார், சோபாவுக்குப் பக்கத்தில் போர்த்திக்கொண்டு நின்ற இரண்டையும் பார்த்தார்.

வண்டி, துளசிங்கத்தின் குட்டி யானை. அந்தச் சின்னச் சரக்கு வண்டிக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு அடிக்கிற துளசிங்கத்துக்கு இப்படி ஒரு சவாரி வாழ்நாளில் வந்ததில்லை.

"இன்னா சார், நீங்க சைக்கிள் மிதிச்சிகினு போவீங்க, நான் பின்னால காலியா உருட்டிகினு வரணுமா?"

"காலியா இல்ல துளசிங்கம். டயர், பம்பு, தண்ணி எல்லாம் இருக்கும். சரி, உங்க வண்டி நடுவழில நின்னுட்டா என்ன பண்றது?"

"எங்க வண்டி ஏன் சார் நிக்கும்?"

"ஒரு பேச்சுக்கு."

"ஒரு பேச்சுக்குக்கூட நிக்காது சார். வூட்டாண்ட கூட்டிகினு வந்து இப்டி அபசகுனமா பேசினா பேஜாரா கீது" என்று துளசிங்கம் வண்டியின் முகப்பில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர் சொன்ன விதத்திலேயே ஜீவரத்தினத்துக்குச் சந்தேகம் உறுதிப்பட்டுவிட்டது. மனிதனை நம்பிப் பிரயோசனமில்லை. கடவுளிடம் ஒப்படைத்துவிடுவதுதான் சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரு ஜெப விண்ணப்பம் கொடுத்தார். இதுதான் அவர் செய்த பெரிய தப்பு. கடவுளிடம் தனியாகச் சொல்லியிருந்தால் விஷயம் அவரோடு போயிருக்கும். சபையில் சொன்னால் அத்தனை பேர் காதிலும் விழுகிறது அல்லவா?

"சகோதரர் ஜீவரத்தினமும் சகோதரி ஹில்டாவும் கடலோரமாய் மேற்கொள்ளும் மிதிவண்டிப் பிரயாணத்துக்காகவும், வழியில் வாகனங்களினாலும் நாய்களினாலும் உஷ்ணத்தினாலும் சேதம் நேரிடாதபடிக்கும் ஜெபிப்போம்" என்று போதகர் கணீரென்று வாசித்தார். ஹில்டா குனிந்த தலை நிமிரவில்லை. நாய்களைச் சேர்த்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் ஷீலா அக்கா வந்து பிடித்துக்கொண்டார். ரிட்டயரான நர்ஸ், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி, ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் எடுத்ததுதான்.

"தம்பி, இந்த வெயில்ல சைக்கிளா? பிரஷர் பாத்தியா? சுகர் பாத்தியா? கூட ஒரு நர்ஸ் வேணாமா?"

ஜீவரத்தினத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. இது எப்படித் தமக்குத் தோன்றாமல் போயிற்று?

"வந்தா நல்லதுக்கா. எதுக்கும் இருக்கட்டும்."

"நான் குட்டி யானைல குந்தியா வர முடியும்? சபை வேன் சும்மாத்தான் நிக்குது. விடுமுறை வேதாகமப் பள்ளி முடிஞ்சாச்சு. அதுல வந்துடறேன்."

ஒரு ஆளுக்காக ஒரு வேன் போகிறது என்றால் மற்ற சீட்டெல்லாம் காலி. காலி சீட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற மனது நம்மில் யாருக்கு இருக்கிறது? சாயங்காலத்துக்குள் பெண்கள் ஐக்கிய சங்கம் முழுவதும் வருவதாக ஆயிற்று. அத்தனை பேர் வந்தால் சாப்பாடு? பெரிய அடுப்பு, சிலிண்டர், பிரியாணி அண்டா. இத்தனையும் வருகிறது என்றால் வேனில் இடம் போதாதே, குட்டி யானைதான் இருக்கிறதே. அபிகாயில் கோயம்புத்தூரிலிருந்து போனில் கேட்டாள்.

"அப்பா, நீயும் அம்மாவும் ஊர் சுத்தப் போறீங்களா, இல்ல மூணு நாள் கன்வென்ஷன் நடத்தப் போறீங்களா?"

"அம்மா சேஃப்டிக்குத்தான்மா" என்றார் ஜீவரத்தினம்.

அம்மா அப்போது சமையலறையில் இருந்தார். இவ்வளவு நாளாக எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குச் சாப்பாடு போடும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "மாமல்லபுரம் போனதும் நான் சைக்கிள்ல ஏறிடுவேன். அப்ப உங்க பக்கத்துல நான் இருக்கணும்னா நீங்களும் ஏறியிருக்கணும். அவ்ளோதான்."

ஜீவரத்தினம் தலையை ஆட்டினார். பாக்கியிருந்தது ஒன்றுதான். வண்டியில் ஏற்றும்போது புதுச் சைக்கிளில் கீறல் விழுந்தால்? பிரியாணி அண்டா இடித்து ஹேண்டில் கோணினால்? உலகத்திலேயே பத்திரமாகப் பெட்டி கட்டத் தெரிந்தவர்கள் தம்முடைய பிரிவு ஆட்கள்தான் என்பது அவர் எண்ணம். வெள்ளிக்கிழமை இரண்டு சைக்கிளையும் கம்பெனிக்குக் கொண்டுபோய், சக்கரத்தைக் கழற்றி, பஞ்சு வைத்து, படுதா சுற்றி, கீல் போகிற அதே மரப்பெட்டிகளில் அடைத்து, ஆணி அறைந்து, பட்டை போட்டு இறுக்கினார்கள். ஆணிச் சத்தம் அவருக்குச் சங்கீதம் மாதிரி இருந்தது. நாளைக் காலை துளசிங்கம் வரும் வழியில் எடுத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு பெட்டியையும் ஒரு இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

எங்கே வைத்தார்? ஏற்றுமேடையில்.

சனிக்கிழமை விடியும்போதே சிட்லபாக்கத்துத் தெரு திருவிழாவாக இருந்தது. சபை வேன் வந்து நின்றது. ஷீலா அக்கா பிரஷர் பார்க்கிற கருவியோடு முன்சீட்டில் இருந்தார். சங்கத்து அம்மாக்கள் தலைக்குப் பூவும் கையில் பாட்டுப் புத்தகமுமாக ஏறிக்கொண்டார்கள். துளசிங்கத்தின் குட்டி யானை பின்பக்கம் தரையைத் தேய்த்துக்கொண்டு முனகியபடி வந்தது.

"இன்னா சார் சைக்கிள் இது? மெஷின் வெச்சிதான் தூக்கி வெச்சாங்கோ. வண்டியே பின்னால குந்திக்கிச்சி!"

"பேக்கிங் அப்படி, துளசிங்கம்! நம்ம பேக்கிங்!" என்று ஜீவரத்தினம் பெட்டியைத் தட்டிக் கொடுத்தார்.

போதகர் வழிஜெபம் செய்தார். ஆபிரகாமின் பிரயாணத்தில் ஆரம்பித்து, இஸ்ரவேலரை வனாந்தரம் முழுக்க நடத்தி, பவுலின் கப்பல் சேதத்துக்கு வருவதற்குள் சூரியன் மாடி உயரத்துக்கு ஏறிவிட்டது. ஜீவரத்தினம் ஒரு கண்ணைத் திறந்து வெயிலைப் பார்த்துக்கொண்டார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம், அங்கிருந்து மாமல்லபுரம் என்று ஊர்வலம் கிளம்பியது. வேனில் பாட்டு, கைத்தட்டல். ஜீவரத்தினம் ஜன்னலோரம் உட்கார்ந்து, இனி உலகத்தில் எது நடந்தாலும் தம்மிடம் ஒரு மாற்று இருக்கிறது என்ற சந்தோஷத்தில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். ஹில்டா மடியில் தோள்பையை வைத்துக்கொண்டு கடல் எப்போது தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமல்லபுரம் தாண்டிச் சவுக்குத் தோப்பு நிழலில் நிறுத்தினார்கள். சங்கத்து அம்மாக்கள் கண் மூடித் திறப்பதற்குள் அடுப்பை மூட்டி அண்டாவை ஏற்றிவிட்டார்கள். பெட்டியைப் பிரிக்கும் வைபவம் ஆரம்பமாயிற்று. ஆணி பிடுங்குகிற கடப்பாறை ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. துளசிங்கம் ஒரு பக்கமும் ஜீவரத்தினம் ஒரு பக்கமும் நெம்பினார்கள். மூடி எழும்பியது. ஹில்டா முந்தானையைச் செருகிக்கொண்டு தயாராக நின்றார்.

பெட்டிக்குள் கீல் இருந்தது. வரிசை வரிசையாக, எண்ணெய் மினுமினுக்க, காகிதத்தில் சுற்றிய அருமையான கார் கதவுக் கீல்கள்.

இரண்டாவது பெட்டியையும் திறந்தார்கள். அதிலும் அதே கீல்தான், வலதுபக்கக் கதவுக்கு உரியது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து கேஷவ், ஜீவரத்தினத்தின் கீழே வேலை செய்கிறவன்.

"சார், குட் மார்னிங் சார். ஒரகடத்துல கஸ்டமர் கேட்லேர்ந்து கூப்பிட்டாங்க. நம்ம லாரில ரெண்டு சைக்கிள் வந்திருக்காம். இதை எந்த மாடல் கார்ல எந்த இடத்துல பூட்டணும்னு கேக்கறாங்க சார்."

ஜீவரத்தினம் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். "மேடைல வச்ச பெட்டியை எதுக்குடா ஏத்தினே?"

"மேடையில பெட்டி தூங்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் எழுதி வச்சிருக்கீங்க? நேத்து சாயங்காலமே முதல் லாரில ஏத்திட்டோம். ராத்திரி ஷிப்ட்ல பேக் ஆன கீல்பெட்டி ரெண்டுதான் காலைல மேடைல நின்னுச்சு. அதைத்தான் உங்க வண்டில ஏத்திவிட்டோம்." கேஷவின் குரலில் தப்புச் செய்தவனின் நடுக்கம் துளிகூட இல்லை. பாராட்டை எதிர்பார்த்தான் என்றே தோன்றியது. "அந்தக் கீல் மத்தியானத்துக்குள்ள போகலன்னா அங்க லைன் நின்னுடும் சார்."

லைன் நின்றுவிடும்! ஜீவரத்தினத்துக்கு உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் வேர்த்துவிட்டது. "துளசிங்கம், மூடியை வைங்க, ஆணி அடிங்க, கிளம்புங்க!" என்று கத்தினார். டயரும் டியூபும் இரண்டு விதப் பம்பும் எறும்புப் பொடியும் இருக்கிற வண்டி ஒரகடத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றது. "ஒரு பேச்சுக்கு நிக்குமான்னு கேட்டியே சார், இப்ப நீ நில்லுன்னாலும் நிக்காது!" என்றார் துளசிங்கம், உற்சாகமாக.

வண்டி நகருவதற்கு முன் ஹில்டா அதன் பின்பக்கம் போனார். பெட்டிகளுக்கும் தண்ணீர்க் கேன்களுக்கும் நடுவே செருகியிருந்த தம் பழைய சைக்கிளை உருவி இறக்கினார். புடவைத் தலைப்பால் சீட்டைத் துடைத்தார். ரோட்டோரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் நின்றார்.

ஜீவரத்தினம் குட்டி யானையின் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கால் ஏற்கனவே உள்ளே.

"ஹில்டா, ஒரு நடை போய் இதை இறக்கிட்டு வந்துடறேன். துளசிங்கம் தனியா போனா கேட்ல விடுவாங்களோ மாட்டாங்களோ... எதுக்கும் நானும் கூட..."

ஹில்டா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். "சரிங்க. நீங்க போயிட்டு வாங்க. நான் கிளம்பறேன்" என்று மட்டும் சொல்லிப் பெடலில் கால் வைத்தார். சுண்டல் தின்ற அந்தச் சாயங்காலத்திலிருந்து இன்றுவரை காத்திருந்த குரல் அது.

ஜீவரத்தினம் வேனைப் பார்த்தார். வேனில் பின்தொடரலாம்.

"அதெல்லாம் முடியாது தம்பி. அண்டாவை ஏத்தியாச்சு, தம் போடாம வேன் நகராது" என்றார் ஷீலா அக்கா. பிறகு கிட்டே வந்து அவர் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒரு கோளாறும் இல்ல. ஓடுடா."

சைக்கிள் நகர்ந்துவிட்டது. நீளமான கறுப்பு ரோடு, ஒரு பக்கம் சவுக்கு, அதற்கப்பால் கடல். அவர் எத்தனையோ ஆபத்தைக் கற்பனை செய்து பார்த்தவர். இந்த ஒன்றுக்கு மட்டும் அவரிடம் ஸ்பேர் கிடையாது. ஹில்டா ஒருத்திதான். அவ்வளவுதான், உள்ளே வைத்திருந்த காலை எடுத்துவிட்டார். கையிலிருந்த போனில், "கேஷவ், கீல் வருது. நான் வரலை" என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை அது. போனை அணைத்தார். நிஜமாகவே அணைந்துவிட்டதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். பிறகு வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பார், பேன்ட் ஆனதால் அப்படியே ஓடினார்.

"ஹில்டா! நில்லு! நானும் வரேன்!"

"நிக்க மாட்டேன். ஓடிவந்து ஏறுங்க!"

தொப்பையும் நரையுமாக ஒரு டிஸ்பாட்ச் தலைவர், ஓடுகிற சைக்கிளின் கேரியரில் தொற்றி ஏறிய அழகைப் பார்த்துச் சங்கத்து அம்மாக்கள் கரண்டியும் கையுமாக ரோட்டுக்கு வந்து 'ஓ'வென்று கூவினார்கள். சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது, பிறகு மனது வைத்து நேரானது.

"கல்பாக்கம் வரைக்கும் நான். அப்புறம் நீங்க மிதிக்கணும்" என்றார் ஹில்டா. அவர் சிரிப்பது முதுகிலேயே தெரிந்தது.

"மிதிக்கறேன், பாண்டிச்சேரி வரைக்கும் மிதிக்கறேன்" என்றார் ஜீவரத்தினம். கடல்காற்று மூஞ்சியில் அடித்தது. பிரெஞ்சுக்காரன் தெருவில் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொன்னார், கல்யாணத்தன்று அவள் கட்டியிருந்த வெள்ளைப் புடவை ஞாபகம் இருக்கிறது என்றார், இன்னும் என்னென்னவோ சொன்னார். சாமானாக மட்டுமே வந்துகொண்டிருந்ததெல்லாம் அன்றைக்கு வார்த்தையாகக் கொட்டியது. கொஞ்ச தூரம் போனதும்தான் பழைய ஜீவரத்தினம் எட்டிப் பார்த்தார்.

"ஆமா, டயர் பஞ்சரானா?"

"என் பையைத் திறந்து பாருங்க."

முதுகில் தொங்கிய தோள்பையைத் திறந்தார். உள்ளே குட்டியாக ஒரு பம்பு. ஒட்டுப்போடுகிற பசையும் ரப்பர்த் துண்டும். மடக்குக் குடை. அதன் அடியில் இன்னொரு மடக்குக் குடை.

"ஹில்டா! நீயுமா?"

"எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்து வச்சேன்" என்றார் ஹில்டா. "உங்க கூட இத்தனை வருஷம் இருந்துட்டு வேற எப்படி இருப்பேன்?"

ஜீவரத்தினம் சிரித்த சிரிப்பில் சைக்கிள் மறுபடி ஆடத் தொடங்கியது. அன்றைக்கு ஒரகடத்தில் லைன் நிற்கவில்லை. யாரும் ஏறாத புதுச் சைக்கிள் இரண்டும் அங்கே வாட்ச்மேன் அறையில் பத்திரமாக இருந்தன. சீட்டின் மேல் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

சரி, நீங்கள்? இவ்வளவு நேரம் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஜீவரத்தினத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். இந்த நோய் ஒட்டிக்கொள்ளும் என்பதை இப்போது பார்த்தீர்கள் அல்லவா? உங்கள் பையில் நாலாக மடித்து வைத்திருக்கும் அந்தப் பிளாஸ்டிக் கவர் எதற்கு? வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பிவந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தது யார்? 'நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அச்சு அசல் இப்படித்தான், அவருக்குக் கொடுக்க இதை ஒரு பிரதி எடுத்து வைக்கலாம்' என்று தோன்றுகிறதா? தாராளமாக எடுத்துக் கொடுங்கள், ஒன்று போதும். இரண்டாக எடுத்திருந்தால் மட்டும், அந்த இரண்டாவதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்கு உரியது.